நான்கில் மட்டும்

ஒன்றில் வைத்தால் ஒன்றுமில்லை.
இரண்டிலும் இல்லை, மூன்றிலும் இல்லை.
நான்கில் மட்டும்
தகர ஆலைக்குள் உட்கார வைத்தது போல்
ஒரு பேரிரைச்சல்.
அதிலும் வருவது
வெப்பம் பற்றிய வதந்திதான்.

என் வோல்வோவுக்கு முப்பத்தைந்து வயது.
சவுகோஸ்கியில் இன்று காலை மைனஸ் முப்பத்தொன்று.
இன்சுலின் குப்பிகள் உறையாமலிருக்க
அக்குளில் இடுக்கிக்கொண்டு
வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான்.
கண்ணாடியின் உட்புறம் பனியாகும் என் மூச்சை
ஒரு கையால் சுரண்டுகிறேன்,
மறு கையால் ஓட்டுகிறேன்.
கலைமான் குறுக்கே வந்தால்
அதன் பாடு, என் பாடு.

"விற்றுத் தொலையேன்" என்கிறான்
பக்கத்து வீட்டு உர்ஹோ.
விற்கலாம்.
வாங்க வருபவனின் முகத்தைப் பார்த்து
நான்கில் மட்டும்தான் ஓடும் என்று
சொல்லவும் வராது எனக்கு,
சொல்லாமலிருக்கவும் வராது.

சனிக்கிழமை. உர்ஹோவின் கொட்டகை.
வாடகை ஒரு டப்பா காபித்தூள்.
முதலில் ஃபியூஸ். நன்றாக இருந்தது.
எப்போதும் அது நன்றாகத்தான் இருக்கும்.
அடுத்து சுவிட்ச்.
குமிழை ஒவ்வொன்றாகத் திருப்பத் திருப்ப
நான்கு கால்களிலும்
சோதனை விளக்கு எரிந்தது.
ஆக, சொல்கிறவன் சொல்கிறான்,
கேட்கிறவன்தான் கேட்கவில்லை.
மோட்டாரா?
நான்கில் ஓடுகிறதே, செத்தது ஓடுமா?
இடையில் யாரோ.

இடையில் இருப்பது ஒரு சின்னச் சுருள்,
ரெசிஸ்டர்.
முழு வேகத்தில் சுற்ற யார் தயவும் வேண்டாம்,
மின்சாரம் நேரே ஓடி வந்துவிடும்.
மெதுவாகச் சுற்றத்தான்
குறுக்கே ஒன்று நிற்க வேண்டியிருக்கிறது,
தானே சூடாகிக்கொண்டு.

அது எங்கே நிற்கிறது என்று சொல்லும் பக்கம்
கையேட்டில் இல்லை.
எண்பத்தாறுக்கு அடுத்தது தொண்ணூற்றைந்து.
முன்பு வைத்திருந்தவனைத் திட்டினேன்,
பெயர் தெரியாததால் பொதுவாக.

முன்பெட்டியைக் கழற்றியபோது
ஆறு பிளாஸ்டிக் கொக்கிகளில் நான்கு
குளிரில் அப்பளமாய் நொறுங்கின.
உள்ளே கைவிட்டேன்.
மெத்தென்று ஏதோ.
இழுத்தால், கூடு.
இருக்கையின் பஞ்சு.
என் சிவப்புக் கையுறையின் நூல்
(நவம்பரிலிருந்து தேடுகிறேன் அந்த வலக்கையை).
பிறகு நகத்தளவு காகிதத் துணுக்குகள்.
ஒன்றில் பாதி மோட்டார்.
ஒன்றில் ஓர் அம்புக்குறி, எதையும் காட்டாமல்.
ஒன்றில் 88.

எங்கே போயிருந்தன அந்தப் பக்கங்கள் என்றால்
அவை விளக்க வந்த இடத்துக்கே.
காற்றின் வழியில் எலி வீடு கட்ட,
காற்றுப்படாமல் சுருள் வெந்து
ஒருநாள் அறுந்திருக்கிறது.
வீட்டில் யாருமில்லை.
வெதுவெதுப்பு நின்ற அன்றே கிளம்பியிருக்கும்.
அதன்பிறகும் இரண்டு மாதம்
குடியிருந்தவள் நான்.

கெமியார்வி பழைய இரும்புக்கடையில்
விலா நசுங்கிய நீல வோல்வோ ஒன்று
தன் சுருளைக் கொடுத்தது. பதினைந்து யூரோ.
"மோட்டார் போயிருந்தால்
டாஷ்போர்டையே பிரிக்கணும்" என்றாள் கடைக்காரி ஐலா.
"அதற்கு விவாகரத்து சுலபம்."
"அது ஆயிற்று" என்றேன்.

மாட்டினேன். சாவி. ஒன்று.
சத்தமே இல்லை.
பயந்துபோய்த் துளைக்கு நேரே கையை நீட்டினேன்.
இருந்தது,
சூப்புக் கிண்ணத்தின் மேல் யாரோ ஊதுவது போல.
கண்ணாடி முதலில் நாணயமளவு தெளிந்தது,
பிறகு தட்டளவு.

திங்கள் காலை குப்பிகளைப்
பக்கத்து இருக்கையில் உட்கார்த்தி
பெல்ட் போட்டுவிட்டேன்.
ஒன்றில் ஓடுகிறது விசிறி.
ரேடியோ கேட்கிறது.
டயருக்கடியில் பனி நொறுங்குவது கேட்கிறது.
ஏழாவது கிலோமீட்டரில்
பின்னால், இடது சக்கரத்திலிருந்து,
ஊம்ம் என்று ஒரு குரல்.
எத்தனை மாதமாகப் பேசிக்கொண்டிருந்ததோ.
வேகம் குறைத்தேன், குறைந்தது.
கூட்டினேன், கூடியது.

நான்கில் வைத்தேன்.