குந்தியிருக்கிறவள்

வேணுஜா ஓடுவாள். இருவது அடி.
பிறகு குந்துவாள்.
பள்ளிக்கூட முத்தத்தில, கச்சான் விக்கிற இடத்தில,
மாங்குளம் சந்தியில பஸ் வாற நேரத்தில,
முழங்காலை நெஞ்சோட கட்டிக்கொண்டு
ஒரு நியாயமும் சொல்லாமல் குந்துவாள்.
பஞ்சி பிடிச்ச பிள்ளை எண்டவ டீச்சர்.
நான் நினைச்சது வேற:
என்னைப் பாத்துப் பழகியிட்டாள்.

நான் அம்பகாமத்துக் காட்டில
மிதிவெடி எடுக்கிறவள்.
காலமை ஆறரைக்குக் குந்தினால்
ஒரு மீற்றர் அகலப் பாதைதான் உலகம்.
காதில கருவி. கீச்செண்டால் நிப்பன்.
கீச்சில்லாட்டில் முன்னுக்கு ஒரு சாண்.
ஆறு வருசத்தில முழங்கால் ரெண்டும்
கறுத்துக் காய்ச்சுப்போச்சு.

அவளின்ர உதடு நாவற்பழம் திண்ட நிறம்.
நாவல் காலம் முடிஞ்சும்
அந்த நிறம் போகேல்ல.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில ஒரு இளம் டொக்டர்
நெஞ்சில குழாயை வைச்சுக் கண்ணை மூடினார்.
எனக்கு அந்த முகம் தெரியும்.
கீச்சுக் கேட்ட ஆளின்ர முகம்.
மூச்சை நிப்பாட்டி, தலையைக் கொஞ்சம் சரிச்சு
அதே இடத்தில இன்னொருக்கால்.

கிளினிக் கொப்பியின்ர பின்மட்டையில கீறினார்.
நாலு அறை, நாலு பிழை.
கீழறை ரெண்டுக்கும் நடுச் சுவரில ஓட்டை.
நுரையீரலுக்குப் போற வாசல் ஒடுக்கம்.
உடம்புக்குப் போற பெரிய குழாய்
ஓட்டைக்கு மேல ஏறி இருக்கிறதால
நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும்
ஒண்டாக் கலந்து போகுது.
நாலாவது, வலப்பக்கச் சதை தடிச்சுக் கிடக்கு.
"அது தானாப் பிழைச்சதில்லை அம்மா.
ஒடுங்கின வாசலைத் தள்ளித் தள்ளித் தடிச்சது."
நான் என்ர முழங்காலைத் தடவினன்.

அப்ப, குந்துறது?

"குந்தினால் காலுக்குப் போற ரத்தம் மறிபடும்.
நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடப் போகும்.
ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்ல.
மூச்சு முட்டுற பிள்ளை தானாக் கண்டுபிடிக்கும்."
நாலு வயசில இதைக் கண்டுபிடிச்சவளைத்தான்
பஞ்சி எண்டு வெயிலில நிப்பாட்டி வைச்சவை.

பிறகு, கேக்கக்கூடாது எண்டு வந்ததைக் கேட்டன்.
மாமி கிரகணம் எண்டவ.
அவர் ஒண்டும் சொல்லாமல்
என்ர வேலைச் சப்பாத்தைப் பாத்தவர்.
மண்ணில கிடக்கிற மருந்தோ டொக்டர், என்ர வேலையோ?
பேனையை மூடினார்.
"கனபேருக்குக் காரணம் தெரியிறேல்ல.
நீங்கள் செய்த பிழை எண்டு நான் ஒண்டும் எழுதமாட்டன்.
ஆறாம் ஏழாம் கிழமையில அந்தச் சுவர் கட்டுப்படும்.
வயித்தில பிள்ளை எண்டே
சிலபேருக்கு அப்பத் தெரியாது."

முறிகண்டியில பஸ் நிண்டது.
எல்லாரும் இறங்கிக் கும்பிட்டினம்.
நான் இறங்கேல்ல, விரல் மடிச்சுக்கொண்டிருந்தன்.
ஆறாம் கிழமை: மாசி மாசம். பதினாலாம் பாதை.
பாலை மரத்துக்குக் கீழ கீச்.
ஒண்டரை மணித்தியாலம் மண் சுரண்டி
எடுத்தது ஒரு தேக்கரண்டி,
பிடியில ஆற்றையோ பேரின்ர முதலெழுத்து.
அண்டைக்குத்தான் எனக்குள்ள
அரிசியளவு ஒண்டு சுவர் வைச்சுக்கொண்டு வந்து
ஒரு மூலையை விட்டிருக்கு.
நானோ மத்தியானம்
பருப்பும் சோறும் திண்டிருக்கிறன்.

பதினொரு மாசத்தால கடிதம் வந்தது.
கொழும்பில ஏழு மணித்தியாலம்.
ஓட்டைக்கு ஒட்டு. வாசலை வெட்டி அகட்டினவை.
"வாசல்ல இனிக் கொஞ்சம் ஒழுக்கு இருக்கும்,
சத்தம் கேக்கும், பயப்பிடாதையுங்கோ.
பெரியபிள்ளையானாப்பிறகு
இன்னொருக்கால் பாக்கவேண்டி வரும்."

இப்ப அவளின்ர உதட்டு நிறம்
எனக்குப் பழக்கமில்லை.
ராவில, காய்ஞ்ச தையலுக்குப் பக்கத்தில
காதை வைக்கிறன்.
லப்பெண்டதுக்கும் டப்பெண்டதுக்கும் பிறகு
மெல்லிசா ஒரு இழுவைச் சத்தம்.
கை தன்பாட்டில சிவப்புத் தடியைத் தேடுது.
இஞ்ச எங்க குத்திறது?
சத்தத்தோட படுத்திருக்கிறன்.

"அம்மா" எண்டாள் நித்திரையில.
"பாரமாக் கிடக்கு. தலையை எடுங்கோ."