மூன்று சேர்ந்தால்

பர்மா பஜாரில் எழுநூறுக்குப் பேரம் பேசியது.
ஓர் ஓரம் கீறல். இடது பொத்தானை
இரண்டு முறை அழுத்தினால்தான் ஒரு முறை நகரும்.
கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள்
மாமியார் என் கையில் வைத்துக் கேட்டார்:
"ஆடத் தெரியுமாம்மா?"
சமைக்கத் தெரியுமா என்று
இன்றுவரை கேட்கவில்லை.

சட்டம் சின்னது.
கீழிருந்து கட்டங்கள் ஏறிக்கொண்டே இருக்கும்.
அக்கம்பக்கத்து இரண்டை இடம் மாற்றலாம்.
ஒரே நிறம் மூன்று ஒட்டினால் மறைந்துவிடும்.
உச்சி தொட்டால் தோற்றாய், அடுத்தவரிடம் கொடு.

அயனாவரம், இரண்டாம் மாடி,
நானூற்று இருபது சதுர அடி.
ஒட்டியேதான் கிடக்கிறோம் ஐந்து பேர்.
ஒருவரும் மறைகிற வழியாய் இல்லை.

மாமியாருக்கு நிறங்கள் கிடையாது.
சிவப்பு தக்காளி, ஊதா கத்திரிக்காய்,
பச்சை கொத்தமல்லி, மஞ்சள் மட்டும் மஞ்சளேதான்.
"கத்திரிக்காயை ஒரு தள்ளு தள்ளு,
அங்க இல்ல, இந்தப் பக்கம்,
ஐயோ, தக்காளி போச்சே!"
கீழ்வீட்டு ஃபரீதா அக்கா ஒருநாள் படியேறி வந்தார்,
கால் கிலோ தக்காளி கிடைக்குமா என்று.

மாமாவும் என் கொழுந்தன் இனியனும் பேசி
எட்டு மாதம்.
சீட்டுப் பணம் நாற்பதாயிரம்,
எவனோ சிநேகிதன், ஏதோ ஆப்.
"அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளு"
என்பார் என்னிடம்.
அவன் அவர் முழங்கையருகில் உட்கார்ந்திருப்பான்.
ஆனால் ஆட்ட வரிசையில்
அவனுக்கு அடுத்தவர் அவர்.
தோற்றதும் முகம் பார்க்காமல் நீட்டுவான்.
29சி-யில் சில்லறை வாங்குகிற மாதிரி
ஜன்னலைப் பார்த்தபடி வாங்கிக்கொள்வார்.

கார்த்திகை மழை. கரண்ட் போன இரவு.
திரை வெளிச்சத்தில் எல்லோர் முகமும்
மீன்தொட்டி நீலம்.
இனியன் ஆடுகிறான், பதினெட்டாம் லெவல்,
உச்சிக்கு ஒரே வரிசை பாக்கி.
தெருவிலிருந்து குரல்: "வண்டியெல்லாம் மிதக்குது!"
ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு ஓடினான்,
பின்னாலேயே இவரும், ஒற்றைச் செருப்போடு.

பாயில் கிடந்தது, அந்தரத்தில் நின்ற ஆட்டம்.
மாமா கண்ணாடியைப் பனியனில் துடைத்தார்.
எங்களைப் பார்த்தார்.
நாங்கள் மழையைப் பார்த்தோம்.

ஓடுகிற பஸ்ஸில் கம்பி பிடிக்காமல்
முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த விரல்கள்.
ஒரு கொத்தமல்லி நகர்ந்தது. ஒரு தக்காளி.
இரண்டு கத்திரிக்காய் சரிந்து மூன்றாவதில் விழ,
மேலிருந்தது கீழிறங்க, அது இன்னொன்றைத் தொட,
மடமடவென்று பாதித் திரை காலி.
மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.
அவர் திரும்ப நிறுத்தி,
கிடந்த இடத்திலேயே, கிடந்த சாய்வு மாறாமல்
வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சொட்டச் சொட்ட வந்தான். எடுத்தான்.
"யார் ஆடினது?"

"காத்துல அமுங்கியிருக்கும்" என்றார் மாமியார்.

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முதுகு சொன்னது:
"மஞ்சளை ஓரத்துல விட்டா எப்படிடா?"

மழை கொஞ்ச நேரம் பெய்தது.

"அது வேணும்னேதான் விட்டேன்.
அஞ்சு சேர்க்கலாம்னு."

"அஞ்சாம் அஞ்சு. பேராசை."

எட்டு மாதத்துக்குப் பின் முதல் பேச்சு,
அதுவும் சண்டை.
நாற்பதாயிரம் வருமோ என்று பயந்தேன்.
மஞ்சளைத் தாண்டி அது வரவில்லை.
ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்,
ஒருவன் ஈரச் சட்டையோடே பக்கத்தில் சரிந்தான்,
பேட்டரி அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடியது.

டிவி ரிமோட்டிலிருந்து ஒன்று.
சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று,
நான்தான் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன்,
மணி பதினொன்று நாற்பது.

காலையிலும் பதினொன்று நாற்பதுதான்.
அன்றைக்கு டெப்போவுக்கு மாமா லேட்,
ஆபீசுக்கு இவர் லேட்,
இட்லிப் பானை அடிப்பிடித்தது.
வரிசைப்படி
என் முறைதான் நடந்துகொண்டிருந்தது.