கல்லறை ஷிப்ட்

இரவு பதினொன்றுக்குத் தொடங்கிக் காலை ஏழுக்கு முடியும்.
மன்சியில் இதற்குக் கல்லறை ஷிப்ட் என்று பெயர்.
நாற்பது பேர் நின்ற வரிசையில் இப்போது பதினொரு பேர்,
எலும்புக்கூட்டுக் குழு.
முதுகு வலிக்கிறது என்றால் ஹாலிஸ் சொல்வார்:
செத்த பிறகு தூங்கிக்கொள்ளலாம், வெண்டெல்.

ஆகஸ்டிலேயே ஹாலோவீன் சரக்கு வந்துவிட்டது.
ரப்பர் முகமூடிகள். பச்சைத் தோல், கிழிந்த கன்னம்,
பல்லிடுக்கில் தக்காளிச் சாற்று நிறத்தில் ரத்தம்.
பெட்டிக்கு இருபத்துநான்கு.
ஸ்கேனரைக் காட்டினால் திரை சொல்லும்:
ஜாம்பி, பெரியவர் அளவு.

என் பேச்சு முழுக்கப் பிணம் என்று
முதலில் கண்டுபிடித்தவள் இவ்ரோஸ்.
ஹெய்ட்டிக்காரி, ஐந்தாம் வரிசை, டேப் ஒட்டும் வேலை.
இங்கிலீஷைக் காது வழியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே செத்துவிட்டேன் என்கிறாய்,
பிறகு நடந்து போகிறாய்.
என் பிணத்தைத் தாண்டித்தான் என்கிறாய்,
பிறகு கையெழுத்துப் போடுகிறாய்.
உன் கார் செத்தது, போன் செத்தது, கடைத்தெரு செத்தது,
சம்பள உயர்வு வந்து சேரும்போதே செத்திருந்தது.
உங்கள் பாஷையில்
யாரையும் புதைக்கவே மாட்டீர்களா?

அவளிடம் வீட்டைப் பற்றிச் சொன்னேன்.

காலி செய் என்று வங்கி எழுதியது.
செய்தோம். கார் வரை என்னோடு வந்த ஷெல்பி
அப்படியே டென்னசிக்குப் போனாள்.
ஏலத்தை வங்கி பாதியில் கைவிட்டது,
எனக்கு மட்டும் சொல்லவில்லை.
எட்டு வருடம் கழித்து வரி பாக்கி, என் பெயரில்.
புல் வெட்டாததற்கு அபராதம், என் பெயரில்.
கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடி,
ஓ, இது ஜாம்பி வீடு, என்றாள்,
மீனின் வகை சொல்வதுபோல.
விற்கவும் முடியாது, விட்டு ஓடவும் முடியாது.
செத்தும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்,
மாதம் நூற்றுப்பத்து டாலர்.

மூன்று மணி இடைவேளையில்
ஒரு முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.
இவன் யாரைத் தின்னப் பல்லைக் காட்டுகிறான்?
எங்கள் ஜாம்பி யாரையும் தின்றதில்லை.
கரும்புக் காட்டில் சவுக்கடி வாங்கியவர்களுக்குச்
சாவு ஒன்றுதான் விடுமுறை.
அதையும் பிடுங்கி, குழியிலிருந்து எழுப்பி,
மறுபடி வெட்டு என்றால்?
அந்த பயத்துக்குத்தான் அந்தப் பெயர்.
கடிப்பது இல்லை.
கூப்பிட்டால் வருவது.

பிறகு அவித்த முட்டையை உரித்தாள்.
ஜாம்பிக்கு உப்பு மட்டும் காட்டக் கூடாதாம்.
நாக்கில் பட்டால் நினைவு வந்துவிடும்,
கையில் இருப்பதைப் போட்டுவிட்டு
தன் இடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும்.

ரத்த அழுத்தம் என்று டாக்டர் உப்பை நிறுத்தி நாலு வருடம்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே;
நான் அதையே தின்று வேலைக்கு வருகிறேன்.
ஒரு காகிதத்தில் சிட்டிகை அளவு நீட்டினாள்,
கேலியாகத்தான்.
முட்டை முழுவதையும் அதில் புரட்டித் தின்றேன்.

ஏழு மணி.
அறைக்குப் போகும் முனையில் கார் திரும்பவில்லை.
மல்பெரி தெரு. கூரைத் தூம்பில் ஒரு மேப்பிள் கன்று,
கிட்டத்தட்ட என் உயரம்.
ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது.
கதவில் நகராட்சியின் மஞ்சள் தாள்.
சாவி பொருந்தியது.
அப்போதுதான் கோபம் வந்தது.
பூட்டைக்கூட மாற்றவில்லை அவர்கள்.

போன் அடித்தது. ஹாலிஸ்.
ஓர் ஆள் குறைகிறதாம், இன்றிரவு சீக்கிரம் வருவேனா என்று கேட்கத்தான் இருக்கும்.
அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்.
சமையலறைக் குழாயைத் திருகினேன்.
எட்டு வருடக் காற்று.
பிறகு சுவருக்குள் எங்கோ ஓர் இருமல்.
மறுபடி ஒன்று, கொஞ்சம் கிட்டத்தில்.

கையைக் குவித்துக்கொண்டு நின்றேன்.