முன் சீட்

என் லொறியின் முன் சீட்டில்
இப்போதெல்லாம் ஆள் ஏற்றுவதில்லை.
அங்கே ஒரு பெட்டி போகிறது,
பெல்ட் போட்டுக்கொண்டு.
பிஸ்கட் டின் அளவு. உள்ளே
பிரஷர் பார்க்கும் மெஷின், இரண்டு கொப்பி,
மழைக்கு ஒரு பொலித்தீன்.

காலை ஒன்பதரைக்குக் கீழ்ப்பிரிவு மடுவம்.
பதினொன்றுக்கு ஆற்றுக்கு அந்தப்பக்கம்,
அது வேறு கம்பனி, வேறு துரை.
திரும்பும் வழியில்
நாட்டுச் சனத்தின் சிறுதோட்டங்கள்.
மூன்று இடத்துக் கொழுந்தும்
ஒரே பெக்டரியில் விழுந்து வாடும்.
எந்த இலை எவள் விரலில் ஒடிந்ததென்று
அங்கே யாரும் கேட்பதில்லை.

கொப்பிகள்தான் கலக்கவில்லை.

லோகநாயகி
கீழ்ப்பிரிவில் பிறந்தவள்,
ஆற்றுக்கு அந்தப்பக்கம் வாழ்க்கைப்பட்டவள்.
பிறந்த தோட்டத்து டிஸ்பென்சரிக் கொப்பியில்
அவள் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் ஓர் எண் இருந்தது.
பாலம் இருபத்தெட்டு அடி.
எண் அதைக் கடக்கவில்லை.
ஏழாம் மாதம் தலை வலிக்கிறது என்றாளாம்.
பனி என்றார்களாம். தைலம் தேய்த்தார்களாம்.
அன்று ராத்திரி லொறியை எடுத்தவன் நான்தான்.
அவ்வளவுதான் சொல்வேன்.

முப்பத்தொன்று கழிந்த மறுநாள்
பெக்டரி முற்றத்தில், மிட்வைப் தில்ருக்ஷி
பின்பலகையைத் தட்டிக் கேட்டாள்:
"நீங்க எல்லா இடமும் போறது தானே?"
கொழுந்துக்குப் போகிறேன் மிஸ், என்றேன்.
"கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு
எல்லாப் பொம்பளையும் வாறது தானே?"

பிறகு பேசியதெல்லாம் வெறும் பேச்சு.
இரண்டு துரைமாரின் கையெழுத்துக்கு ஆறு வாரம்.
உடைந்தால் யார் பொறுப்பு?
டிஸ்பென்சர் இன்னாசிமுத்து
கொப்பியைத் தரவே மாட்டேன் என்றார்,
பதினெட்டு வருடக் கொப்பி.
ஒரு விடியலில் தானே கொண்டுவந்து
பெட்டிக்குள் வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் போனார்.
மெஷினுக்குக் கிராமத்துச் சங்கம் பாதி,
பிரட்டுக்களத்தில் சேர்ந்தது மீதி.
பற்றரி மட்டும் இன்றுவரை
டவுன் கடை நிஸ்தார் நானா,
காசு கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.

சிவப்பு நூல் யாருடைய யோசனை என்று தெரியாது,
ஆளுக்காள் தன்னுடையது என்கிறார்கள்.
எண் ஏறியவளின் கூடை வாரில் ஒரு நூல்.
நூலைக் கண்டால் தராசுக்காரர்
கொழுந்தை நிறுக்குமுன் ஆளை உட்கார வைப்பார்.
கால் மணி நேரம்.
அந்தக் கால் மணிக்குக் கிலோ வெட்டக் கூடாது;
இதற்கு மட்டும் ஒரு மாதம் சண்டை.

இப்போது கொப்பியில் மூன்று கையெழுத்து, இரண்டு பாஷை.
நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றெட்டு
எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரிதான் பயமுறுத்துகிறது.
போன மழைக்குப் பூங்காவனத்தின் நூலை
அந்தப்பக்கத்தார் பார்த்து,
கிராமத்து பண்டுல ஆட்டோவில் ஏற்றி,
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
பிள்ளை இரண்டு கிலோ நூறு.
அரைக் கூடைக்கும் குறைவு என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

லயத்துக் கூரை ஒழுகத்தான் செய்கிறது.
சம்பளம் அப்படியே.
பெட்டி எல்லாவற்றையும் தூக்காது.

கறுப்புப்பாலம் தோட்டம் இன்னும் சேரவில்லை.
அவர்கள் கொழுந்து வேறு பெக்டரிக்குப் போகிறது.
அவர்களின் எல்லைக் கானை ஒட்டி
முக்கால் மைல் என் பாதை.
நேற்று அந்த வளைவில் ஒருத்தி நின்றாள்.
பஸ்ஸை மறிப்பதுபோல் மறிக்கவில்லை.
சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி
கையை நீட்டிக்கொண்டு
சும்மா நின்றாள்.

பின்னால் தொள்ளாயிரம் கிலோ பச்சை இலை
சூடேறிக்கொண்டிருந்தது.
மெஷினைத் தொட எனக்கு அனுமதி இல்லை,
ஓட்டத்தான்.
பெல்ட்டை அவிழ்த்தேன்.
கொப்பியை எடுத்து, பேனையை உதறி,
பேர் என்னம்மா என்றேன்.