உடம்பில இரும்பு இருக்கோ

"உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?"
படிவத்தில் ஏழாம் கேள்வி.
வாசித்த பெடியனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
தயாபரன் என்னைப் பார்த்தார்,
பிறகு தன் வலது முழங்காலைப் பார்த்தார்.
"செல் துண்டு. ரெண்டோ மூண்டோ."
பெடியன் பேனையை மூடினான்.
"அப்ப முதல்ல எக்ஸ்ரே எடுப்பம்."

இரும்பை இழுக்கிற காந்தமாம் உள்ளே.
நான் பதினொரு வருசமாய்
இரும்பைக் கேட்கிற கருவியோடு வேலை செய்கிறவள்,
முகமாலையில், ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில், முழங்காலில்.
கருவி கீ என்றால்
மிதிவெடியாயும் இருக்கலாம், சோடா மூடியாயும் இருக்கலாம்,
முள்ளுக்கம்பியின் ஒற்றை முள்ளாயும்.
எல்லாவற்றையும் மிதிவெடி என்றே தோண்டவேணும்.
கீ என்னாத இடத்தை நம்பலாமோ என்று
என்னைக் கேட்காதீர்கள்.

மாசியில் அவருக்குப் பன்னிரண்டு ஊசி குத்தினார்கள்.
எங்கே என்று தெரியாமல், கட்டம் போட்டுக் குத்துவது.
பன்னிரண்டிலும் ஒன்றுமில்லை.
இரத்தத்தில் அந்த எண் மட்டும்
ஒன்பது, பதினொன்று, பதினாலு.
மாங்குளச் சந்தியில் விடியற்புறம் பஸ்ஸுக்கு நிற்கையில்
மூன்று தரம் வீரமரத்துக்குப் பின்னால் போய் வந்தார்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லாண்ட்மாஸ்டர் எஞ்சினுக்குள்ள படுத்த மாதிரி" என்றார்
வெளியே வந்து, சேட்டு பொத்தானைப் பிழையாய்ப் பூட்டியபடி.

டொக்டர் பிரசாந்தினி திரையைத் திருப்பினார்.
"இது தண்ணியின்ர ஓட்டத்தைப் பார்க்கிற படம், அக்கா.
தசைக்குள்ள தண்ணி தன்பாட்டில அலைஞ்சுகொண்டிருக்கும்.
கட்டி வந்த இடத்தில கலங்கள் நெருங்கி நெருங்கி
அதுக்கு அசைய இடமிராது.
அசையாத இடம் இதில கறுப்பு."
இடதுபக்கம், பின்புறம்,
ஒரு கடலையளவு கறுப்பு.

நெருக்கம் என்றதும்
மாத்தளனில் ஒரு தறப்பாளுக்குள் பதினேழு பேர்
முறைவைத்துக் கால் நீட்டியது வந்து போனது.
அதை நான் சொல்லவில்லை.
"நூற்றுக்கு எத்தனை சரியாய் இருக்கும்?" என்று கேட்டேன்.
தொழில் பழக்கம்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
பெரிசென்றால் பெரும்பாலும் பிடிபடும். சின்னது தப்பும்.
வெறும் அழற்சியும் சிலவேளை கறுப்பாய் நிற்கும்.
நடுப்பகுதியில் வயசுக்கு வருகிற வீக்கத்தோடு கலந்து குழப்பும்.
ஊசி குத்தின இரத்தம் வற்றமுன் எடுத்தால் அதுவும் ஏய்க்கும்,
அதுதான் பத்துக் கிழமை பொறுக்கச் சொன்னது.
"எண்ணைச் சொல்லேல்லையே."
"அது மெசினுக்கு மெசின், பார்க்கிற ஆளுக்கு ஆள் மாறும், அக்கா."
எனக்கு அவரைப் பிடித்துப்போனது.
முழுக்கச் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனோடு
எங்கள் ஆட்கள் தேத்தண்ணி குடிப்பதில்லை.

இரண்டாம் முறை ஊசி கறுப்பைப் பார்த்தே போனது.
நாலு குத்தில் மூன்றில் புற்று.
எதற்கும் இருக்கட்டும் என்று வலதுபக்கம் குத்தினதில்
இன்னும் ஒரு மில்லிமீற்றர்.
படத்தில் அந்த இடம் வெளுப்பாய், சாதுவாய்க் கிடந்தது.

வீட்டில் படத்தை யன்னலில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.
"என்ர முழங்கால் துண்டை இதில காணேல்லை."
"அது இடுப்புப் படம்."
"அப்ப அது தன்பாட்டில இருக்கட்டும்" என்று
உறைக்குள் போட்டு, உறையை
யூரியா பில்லுகளோடு சொருகினார்.
கதிர் பிடிக்கிற திகதி வைகாசி ஆறு.

திங்கட்கிழமை ஒழுங்கையில் கருவி கீ என்றது.
குனிந்தேன். பக்கவாட்டில் மண்ணை விறாண்டினேன்,
இருபது நிமிசம்.
ஒரு சவர அலகு. துருவேறி, நடுவில் முறிந்து,
யாரோ முகம் வழித்தது.
வாளிக்குள் போட்டேன்.
கருவியை அதே குழிக்கு மேல்
இன்னொரு தரம் பிடித்தேன்.