மூன்றாம் எண் கூண்டு

அவனுக்கு நான் 'கச்சான்22'.
எனக்கு அவன் 'ஓநாய்'.
நாலு பேர் குழுவில் நான், பிரிஸ்கா, அவன்,
வாயே திறக்காத இன்னொருத்தன்.
எட்டரைக்கு வானத்திலிருந்து குதிப்போம்.
பாம்பன் தெற்குவாடியில் அந்த நேரம்
வீட்டுக்குள் புழுக்கம், வெளியே வலைநாற்றம்,
ஜன்னலோரம் மட்டும் சிக்னல்.
தெளிந்த இரவுகளில் போன்
தானாகவே எல்லை தாண்டிவிடும்.
இலங்கைக்கு நல்வரவு என்று சொல்லி
மிச்சமிருந்த பதினெட்டு ரூபாயைத் தின்றுவிடும்.

நல்லவன் என்றுதான் நினைத்தேன்.
நான் அடிபட்டு விழுந்தால்
புகைக்குண்டு வீசித் தவழ்ந்து வந்து தூக்கிவிடுவான்.
பிறந்தநாளுக்குச் சிவப்புச் சிறகு வைத்த சட்டை.
(தேதி சொன்னது நான்தான்.)
விலை பார்த்தேன்:
நண்டுக் கம்பெனியில் அம்மாவுக்கு
இரண்டு நாள் கூலி.

இறால் போட்டுச் சுறா இழுப்பது
தெரியாத ஊரா இது?

எத்தனாவது படிக்கிற.
வீட்ல யார் யாரு.
அப்பா எந்தெந்த நாள் கடலுக்கு.
நாம பேசுறது பிரிஸ்காவுக்கு வேண்டாமே.
பெரிய பரிசு ஒண்ணு அனுப்புறேன்,
போனுக்கு ஆறு எண் வரும், அதை மட்டும் சொல்லு.

சொல்லவில்லை.
அன்றைக்கு சார்ஜ் தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.
என் புத்திசாலித்தனம் என்று
யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஊரை மட்டும் மாற்றித்தான் சொல்லியிருந்தேன்.
மதுரை. மாட்டுத்தாவணி பக்கம்.
அங்கே நான் இறங்கியது ஒரே ஒரு தடவை,
கண்ணாஸ்பத்திரிக்கு.

ஐப்பசிக் கடைசி.
கூரைத் தகரத்தைக் காற்று பிறாண்டிக்கொண்டிருந்தது.
ஆட்டம் பாதியில் சிரித்தபடி கேட்டான்:
"பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாமே,
அப்பா மங்களூர் போட்டுலதான இன்னும்?
அப்ப நீயும் அம்மாவும் மட்டுமா வீட்ல?"

விரல் திரையிலேயே நின்றது.
வரைபடத்தில் எங்களைச் சுற்றி
நீல வட்டம் சுருங்கிக்கொண்டு வந்தது.

"யார் சொன்னா?"

"நீதான். பாலத்துக்கு முன்னாடி
ரயில் ஊதுறது டெய்லி கேக்குதே.
போன வாரம் கோயில் மைக்ல
ஊர் பேரோட அறிவிச்சாங்களே."

நான் வாயை மூடியிருந்தேன்.
மைக் திறந்திருந்தது.

வயர்லெஸ்ஸில் எங்கள் ஆட்கள்
பாடு விழுந்த இடத்தைச் சொல்லவே மாட்டார்கள்.
வலை கிழிய சீலா ஏறும்போதும்
"சும்மா கெடக்கு மாப்ள, தண்ணி கலங்கல்" என்பார்கள்.
அந்தப் பொய்யைக் கேட்டே வளர்ந்த நான்
சன்னலோரம் உட்கார்ந்து
மொத்தக் கரையையும் அவன் காதில் ஊற்றியிருக்கிறேன்.

செத்தேன் ஆட்டத்தில். யார் சுட்டதோ.
பிரிஸ்காவைக் கூப்பிட்டேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எனக்கும் சட்டை வந்துச்சுடி," என்றாள்,
"ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னான்."
அவள் வேறெதுவும் அனுப்பினாளா என்று
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.
அது இங்கே வேண்டாம்.

பதினொரு திரைப்படம் பிடித்து வைத்தோம்,
அவன் பேச்சு, அவன் எண், அவன் ஓநாய் மூஞ்சி.
புகார் பட்டன் மூன்று பக்கம் தள்ளி
நண்டு மாதிரி பதுங்கிக் கிடந்தது.
அழுத்தினோம். அவனை அடைத்தோம்.
அதற்குப் பிறகுதான் அம்மாவை எழுப்பினேன்.

முதலில் போனைப் பிடுங்கினாள்.
அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன்.
எழுந்துபோய் முன்கதவுத் தாழை ஆட்டிப் பார்த்தாள்,
பின்கதவுக்கு அம்மிக்குழவியை நகர்த்தி வைத்தாள்,
வந்து போனை என் மடியில் போட்டாள்.
"ஒண்ணையும் அழிச்சிராத.
விடிஞ்சதும் பிரிஸ்கா அம்மாவையும் கூட்டிக்கிட்டு
ஸ்டேஷனுக்குப் போவோம்."

இப்போதும் ஆடுகிறோம், நானும் பிரிஸ்காவும்.
ஒரே பாயில், தோள் உரச,
மைக்கைக் கொன்றுவிட்டு.
ரயில் ஊதட்டும், யாருக்கும் கேட்காது.

மூன்றாம் நாள் கூண்டை இறக்கினார்கள்.
புயல் இங்கே வரவில்லை,
வடக்கே எங்கேயோ கரை ஏறுமாம்.
தெரு முழுக்கச் சந்தோஷம்.
எனக்கு மட்டும்
அந்த 'எங்கேயோ'வில்
ஒரு ஜன்னலோரம் தெரிகிறது,
சிக்னலுக்காகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்
எவளோ ஒருத்தி,
அவள் பின்னால் அவள் ஊரின் சத்தம்.