வேன் அட்வான்ஸ்

சனி இரவு ஒன்பது நாற்பது.
மாத்தூர் வீட்டு மொட்டைமாடியில்
முப்பது மீட்டர் கயிறு சுருண்டு கிடக்கிறது.
ஹெல்மெட் ஆறு. ஒன்றின் வார் அறுந்து
தேசப்பன் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து வாங்கினான்.
மணலிப் புகைக்கு மேலே
நட்சத்திரம்கூட இருக்கிறது, இரண்டு மூன்று.

போனில் ராடார்.
துறைமுகக் கட்டடத்து உச்சியில்
யாரோ உதைத்து மாட்டிக்கொண்ட பந்துபோல இருக்குமே,
அந்த வெள்ளை உருண்டை அனுப்பும் படம்.
நம் தலைமேல் ஒன்றுமில்லை.
வடமேற்கே, நாகலாபுரம் மலைக்கும் பின்னால்
ஒரு மஞ்சள். நடுவில் கடுகளவு சிவப்பு.

"அது அங்க பெய்யுதுக்கா, நாம போறது இங்க."
அவன் காட்டிய இரண்டுக்கும் நடுவே
ஒரு நகக்கண் இடைவெளி.

மூன்றாவது குளம் தாண்டினால்
கை விரித்தால் இரண்டு பாறையும் தொடும்.
போன மார்ச்சில் அங்கே நின்று அண்ணாந்து பார்த்தேன்.
இரண்டு ஆள் உயரத்தில்
குறுக்கே சிக்கியிருந்தது ஒரு மரம்,
வேரோடு.
அதை யாரும் தூக்கி வைத்திருக்க மாட்டார்கள்.

பிரிசில்லா பேசவில்லை. அவளுக்குத் தெரியும்.
அந்த டிசம்பரில், மழை விட்ட இரண்டாம் நாள்,
நல்ல வெயில், துணி காயப்போட்டிருந்தோம்.
பூண்டியில் திறந்துவிட்டார்களாம்.
சமையலறைச் சாக்கடைத் துளையில்
முதலில் ஒரு கரப்பான்.
பிறகு இன்னொன்று.
பிறகு எல்லாக் கரப்பானும்.
பிறகுதான் தண்ணீர்.
மதியத்துக்குள் சிலிண்டர் மிதந்தது.
எங்கள் தெருவில் அன்று ஒரு தூறல் இல்லை.

பதினொன்று பத்து.
சிவப்பு பெரிதாகவில்லை. சிறிதாகவும் இல்லை.
வேணாம் என்றேன்.
வேன்காரர் கொட்டாவியோடு சொன்னார்,
அட்வான்ஸ் வராது மேடம்.
மூவாயிரத்து ஐந்நூறு.
யாசின் லீவு போட்டிருந்தான், சம்பளம் பிடிப்பார்கள்.

ஞாயிறு, மண்டை பிளக்கும் வெயில்.
தேசப்பன் ஒரு படம் அனுப்பினான்:
வெறும் நீல வானம். கீழே ஒரு சொல் இல்லை.
மலையடிவாரத்து டீக்கடைக்குப் போன் செய்தேன்.
ஓடையில் தண்ணீர் வந்ததா?
பாதித் தெலுங்கில் பதில் வந்தது:
"யாரு பார்த்தா? இன்னைக்கு மேல ஒருத்தரும் போகலயேம்மா."

அவ்வளவுதான்.
நனையாத கயிற்றை
எதற்கென்று தெரியாமல் வெயிலில் விரித்தேன்.
சாயங்காலம் மறுபடி சுருட்டினேன்.

அடுத்த ஞாயிறு? என்று கேட்டிருந்தான்.
சனி ராத்திரி சொல்றேன் என்று அனுப்பினேன்.